மூன்றாம் வகுப்புப் பந்தல்

நொச்சிக்காட்டுப்புதூருக்குப் போய், தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்புக் கம்பிப் பந்தல் காய்த்த கதையைக் கேட்டால், டீக்கடைக்காரர் ஆற்றுகிற டீயை நிறுத்தாமலே சொல்லிவிடுவார், பஸ்ஸுக்கு நிற்கிற பெண்பிள்ளைகள் ஆளுக்கொரு துண்டாகச் சொல்வார்கள், ஏன், அந்தக் காய்களைச் சாம்பாரில் தின்று வளர்ந்த பிள்ளைகளே ஏப்பம் விடாத குறையாகச் சொல்லும். ஆனால் அதே கூரைக்குக் கீழே, அதே கம்பியில், ஒரு மரத் தட்டிக்கு இந்தப் பக்கம் மூன்றாம் வகுப்புப் பந்தல் காய்க்காமல் போன கதையை ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். காய்க்காததில் என்ன கதை இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. கோகிலாமணி டீச்சரின் வயிற்றைக் கேட்டால் சொல்லும், அந்த வருஷம் முழுக்க அது எப்படி எரிந்தது என்று.

கம்பிப் பந்தல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வகுப்பறையில் பிள்ளைகளின் தலைக்கு மேலே ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு இழுத்துக் கட்டிய கம்பிதான். பிள்ளைகள் வரைந்ததையும் வெட்டி ஒட்டியதையும் துணிக் கிளிப் போட்டு அதில் தொங்கவிடுவார்கள், ஃபேன் காற்றில் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். அந்தப் பள்ளிக்குக் கம்பி கட்டியதே கோகிலாமணிதான். வேலைக்கு வந்த புதிதில், பெஞ்சு மேல் பெஞ்சு போட்டு ஏறி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டாம் வகுப்புச் சுவரில் ஆரம்பித்து நடுவிலிருக்கும் தட்டிக்கு மேலாக மூன்றாம் வகுப்புச் சுவர் வரைக்கும் ஒரே கம்பியாக இழுத்துக் கட்டினாள். மூன்றாம் வகுப்பு அவளுடையது. அவள் பக்கம் தொங்குகிற படங்களைப் பார்க்க வேண்டுமே! மயில் என்றால் மயில், தேர் என்றால் தேர். முதலில் டீச்சரே பென்சிலால் மெல்லிசாகக் கோடு போட்டுக் கொடுத்துவிடுவாள், பிள்ளைகள் கோட்டைத் தாண்டாமல் கலர் அடிக்க வேண்டும், தாண்டியதைச் சாயங்காலம் அவளே உட்கார்ந்து சரி செய்வாள். அதற்கு 'டச் பண்றது' என்று பேர். வட்டார அளவில் கேடயம் வாங்கிய டச் அது, லேசாக நினைத்துவிடாதீர்கள்.

அப்படி இருக்கையில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மாறுதலில் வந்து சேர்ந்தாள் எமல்டா. சின்ன வயசு. சுடிதார் போட்டுக்கொண்டு, தலைக்குக் குளித்த முடியை ஒரே ஒரு கிளிப்பில் மாட்டிக்கொண்டு, எதற்கெடுத்தாலும் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற பெண். தலைமை ஆசிரியர் சென்னியப்பன் சார் அவளுக்கு இரண்டாம் வகுப்பைக் கொடுத்தார். அவளும் எல்லோரையும் போலத்தான் வாரத்தை ஓட்டினாள். திங்கட்கிழமை நகம் பார்ப்பது, வானிலை அட்டையில் சூரியனா மேகமா என்று பிள்ளைகளை விட்டுக் குறிக்கச் சொல்வது, செவ்வாய் வாசிப்பு, புதன் புளியங்கொட்டையை வைத்துக் கூட்டல் கழித்தல், வியாழன் பாட்டும் கதையும், வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் அந்த வாரம் படித்ததை ஆளுக்கொரு தாளில் வரைந்து கம்பியில் மாட்டுவது. கோடு போட்டுக் கொடுக்க மாட்டாள். பிள்ளைகள் எதைக் கிறுக்கினாலும் "ஆத்தாடி, என்ன அழகு!" என்று அப்படியே வாங்கி மாட்டிவிடுவாள். தட்டிக்கு இந்தப் பக்கத்திலிருந்து அதைக் கேட்கும்போதெல்லாம் கோகிலாமணி உதட்டைச் சுழிப்பாள்.

காய்கறிப் பாடம் நடந்த வாரம் முடிந்து திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தால், இரண்டாம் வகுப்புப் பந்தல் காய்த்துக் கிடந்தது. கத்தரிக்காய் வரைந்த தாளிலிருந்து கத்தரிக்காய் தொங்கியது. வெண்டைக்காய் வரைந்ததிலிருந்து வெண்டைக்காய். தச்சர் மகன் தக்காளியைச் சதுரமாக வரைந்திருந்தான், அதனால் அது சதுரமாகவே காய்த்துச் சிவந்திருந்தது. ஊதாக் கிரேயான் தீர்ந்துபோய் நீலம் அடித்த பிள்ளையின் கத்தரிக்காய் நல்ல நீலத்தில், காம்போடு, பனி படிந்து, பறிக்கிற பதத்தில் இருந்தது. சத்துணவு சமைக்கிற பொன்னாத்தா வாளியோடு வந்தாள், அண்ணாந்து பார்த்தாள், ஒரு கத்தரிக்காயை நகத்தால் கீறிப் பார்த்தாள்.

"பிஞ்சாத்தானுங்க இருக்குது," என்றாள். "பறிச்சுக்குட்டுமுங்களா?"

"நீலமா இருக்கே அக்கா," என்றாள் எமல்டா.

"அதனால என்னுங்க, வெந்தா எல்லாம் ஒண்ணுதானுங்க."

அன்றைக்குச் சாம்பார் கொஞ்சம் நீலம் பாரித்திருந்தது என்பதைத் தவிர ஒரு குறையும் சொல்ல முடியாது. பிள்ளைகள் இரண்டாம் தடவை வாங்கித் தின்றன.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை மாட்டுவது, சனி ஞாயிறு பழுப்பது, திங்கட்கிழமை பறிப்பது என்று வாடிக்கையாகிவிட்டது. வாகனங்கள் பாடம் வந்த வாரம் புடலங்காய் நீளத்துக்கு பஸ்கள் காய்த்து, காற்றடித்தால் ஹாரன் அடித்தன. பறவைகள் வாரத்தில் மூன்று காலோடு ஒரு காக்கா காய்த்துப் பறந்துபோனது, இன்றைக்கும் ஊரில் யாராவது ஒருத்தர் கண்ணில் அது படும். சென்னியப்பன் சார் முதலில் பயந்தார். "வெளிய சொல்லிட்டுத் திரியாதீங்கொ. மேல இருந்து கேட்டாங்கன்னா நா எந்தக் கட்டத்துல எழுதறது?" என்று கெஞ்சினார். மேலிருந்து ஒரு அதிகாரி பார்வையிட வரத்தான் வந்தார். சதுரத் தக்காளி ஒன்றைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இது எந்தப் பாடத்துல வருது?" என்று கேட்டார். காய்கறிகள் பாடம் என்றார்கள். "அப்பப் பாடத்திட்டத்துக்குள்ளதான் இருக்குது," என்று சொல்லி அதைப் பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார். சார் அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

ஊர் சும்மா இருக்குமா? பெற்றவர்கள் பிள்ளைகளின் காதைக் கடித்தார்கள். "கண்ணு, இந்த வாரம் ஒரு தங்கச் சங்கிலி வரைஞ்சு வெய்யி சாமி." பிள்ளையும் வரைந்தது. திங்கட்கிழமை சங்கிலி காய்த்தது, ஆனால் மஞ்சள் கிரேயான் வாசம் அடித்தது, கழுத்தில் போட்டு வெயிலில் நின்றால் உருகி ரவிக்கையில் ஒழுகியது. மிக்ஸி வரையச் சொன்னவளுக்கு மிக்ஸி காய்த்தது. உள்ளே ஒன்றுமே இல்லை, ஏனென்றால் மிக்ஸிக்குள் என்ன இருக்கும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. பிள்ளைக்குத் தெரிந்த அளவுதான் காய்க்கும் என்று புரிந்ததும் பெரியவர்களுக்கு ஆசை விட்டுப்போனது. காய் வந்தால் சத்துணவுக்கு, மற்றது வரைந்த பிள்ளைக்கு என்று பேசி முடித்தார்கள். பிறகு பால் ஊற்றப் போகிற இடத்தில் "இந்த வாரம் என்ன காச்சுதாம்?" என்று கேட்டுக்கொள்வதோடு சரி.

கோகிலாமணிக்குத்தான் சரியாகவில்லை. ஒரே கம்பி! அவள் கையால் இழுத்துக் கட்டிய கம்பி! தட்டிக்கு அந்தப் பக்கம் பாரம் தாங்காமல் தொய்கிறது, இந்தப் பக்கம் கேடயம் வாங்கிய மயில்கள் விறைத்துக்கொண்டு தொங்குகின்றன, ஒரு பீர்க்கம்பூ கூட வைக்கவில்லை. நெஞ்சு காந்தியது அவளுக்கு. தாள் சரியில்லையோ என்று நல்ல தாளாக வாங்கிப் போட்டாள். கிரேயான் மாற்றினாள். பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு, கேட்டால் வெட்கக்கேடு, படங்களுக்குத் தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். மயில்களின் கலர் வழிந்து தரைதான் நாசமாய்ப் போனது. கடைசியில் சாரிடம் போய், "அந்த ரூம்ல வெளிச்சம் நல்லா வருதுங்க சார், எம்பட பிள்ளைகளுக்குக் கண்ணு தெரிய மாட்டீங்குது, ரூமை மாத்திக் குடுங்க," என்று நின்றாள்.

எமல்டா அன்றைக்கே பிள்ளைகளையும் புளியங்கொட்டை டப்பாவையும் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டாள். கோகிலாமணி அந்தப் பக்கம் போனாள். திங்கட்கிழமை பார்த்தால் காய்ப்பும் இடம் மாறி எமல்டா பின்னாலேயே போயிருந்தது.

"என்னம்மா பண்ற நீ? எங்கிட்ட மட்டும் சொல்லு," என்று அன்றைக்கு வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"நான் என்ன செய்யுதேன்க்கா? பிள்ளைங்க வரையுது, நான் மாட்டிவிடுதேன்," என்று சிரித்தாள் எமல்டா. அந்தச் சிரிப்பைப் பிடுங்கி எறியலாமா என்றிருந்தது கோகிலாமணிக்கு.

காய்ப்போடு போயிருந்தால்கூட ஆறியிருக்கும். ஆறாத விஷயம் ஒன்று இருந்தது. அவளுடைய ஒரே மகள் மிருதுளா இரண்டாம் வகுப்பில், எமல்டாவிடம் படித்தாள். சொந்தப் பிள்ளையைத் தான் வேலை பார்க்கிற அரசுப் பள்ளியிலேயே சேர்த்தவள் என்று ஊரில் கோகிலாமணிக்கு நல்ல பேர். சேர்த்த அன்றைக்கே மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "இங்க பாரு அம்மிணி, பள்ளிக்கூடத்துல நா அம்மா இல்ல. டீச்சர்னுதான் கூப்படோணும். மத்த பிள்ளைக முன்னால அம்மான்னு ஓடியாந்தயின்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்." பிள்ளை கெட்டிக்காரி, ஒரு தடவை கூடத் தப்பவில்லை. வழியில் பார்த்தால் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து நின்று, "வணக்கம் டீச்சர்," என்று சொல்லிவிட்டுப் போவாள். கோகிலாமணிக்கும் பெருமையாகத்தான் இருந்தது, எமல்டா வருகிற வரைக்கும்.

இப்போது வீட்டில் வாயைத் திறந்தால் எங்க டீச்சர்தான். எங்க டீச்சர் ஊருல கடல் இருக்குதாமா. எங்க டீச்சர் மீனு முள்ள வாயிலயே பிரிச்செடுப்பாங்களாமா. எங்க டீச்சர் இப்படித்தான் கையத் தட்டுவாங்கொ. ஈரோட்டு வேலையிலிருந்து களைத்து வருகிற அப்பாவைக்கூட விடாமல் உட்காரவைத்து அந்த டீச்சர் புராணத்தைப் பாடுவாள். சாதம் பிசைந்துகொண்டிருக்கிற கோகிலாமணி, உருண்டையை வேண்டுமென்றே பெரிதாகப் பிடித்து மகளின் வாயை அடைப்பாள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் எதற்கோ போகிற மாதிரி அந்தப் பக்கம் போய் மகளின் தாளில் என்ன காய்த்திருக்கிறது என்று பார்ப்பாள். ஒரு வாரம் சங்கு. ஒரு வாரம் படகு. ஒரு வாரம் எமல்டா போட்டுவருகிற அதே பச்சை வளையல். ஒரு வாரமாவது நம் வீட்டு முருங்கை மரம், நம் வீட்டு நாய், எதையாவது வரைகிறாளா இந்தக் கழுதை என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்புவாள்.

ஒரு புதன்கிழமை. அந்தப் பக்கம் புளியங்கொட்டைக் கணக்கு நடக்கிறது. இந்தப் பக்கம் கோகிலாமணி பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறாள். தட்டிக்கு மேலாக மகளின் குரல் தெளிவாக வந்தது: "அம்மா, எனக்கு விடை வந்துருச்சு!"

கோகிலாமணி சட்டென்று திரும்பி, "என்ன கண்ணு?" என்றாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் யாரைக் கேட்கிறாள் என்று முழித்தன. தட்டிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் 'கொல்'லென்று சிரித்தார்கள். "டீச்சரைப் போயி அம்மாங்கறா!" என்று ஒருத்தி கத்தினாள். சின்ன வகுப்பில் எந்தப் பிள்ளையும் வாய் தவறிச் செய்கிற காரியம்தான், கோகிலாமணியையே எத்தனையோ பிள்ளைகள் அப்படிக் கூப்பிட்டு நாக்கைக் கடித்திருக்கின்றன. தெரியும். தெரிந்து என்ன செய்ய? கையிலிருந்த சாக்பீஸ் பொடிந்து உதிர்ந்தது. அன்றைக்குச் சாயங்காலம் மகள் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போது, என் பிள்ளையின் வாயில் கிடந்த என் பேரை அவள் எடுத்துக்கொண்டாளே என்று நினைத்து நினைத்து மாய்ந்துபோனாள்.

அந்த நேரம் பார்த்தா 'எங்கள் குடும்பம்' பாடம் வர வேண்டும்! வெள்ளிக்கிழமை இரண்டாம் வகுப்பு முழுக்க அம்மாவை வரையப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. தாய்மார்கள் அந்த வாரம் திடீரென்று நல்லவர்களானார்கள். அடிக்கிற கை அடங்கியது, வியாழக்கிழமையே பலகாரம் சுட்டார்கள். ஒருத்தி, மகன் தன்னைக் குண்டாக வரைந்துவிடுவானோ என்று இரண்டு வேளை பட்டினி கிடந்தாள். கோகிலாமணி ஒன்றும் செய்யவில்லை. செய்யத் தெரியவில்லை அவளுக்கு. மகளுக்குப் பிடித்த பட்டாணி போட்டு உப்புமா கிண்டினாள், அது அடிப்பிடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மணி அடித்தது. பிள்ளைகள் போனார்கள், எமல்டா போனாள். மிருதுளாவைப் பொன்னாத்தாவோடு வாசலில் உட்காரவைத்துவிட்டு, சன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்க்கப் போகிற மாதிரி கோகிலாமணி இரண்டாம் வகுப்புக்குள் போனாள். கம்பி முழுக்க அம்மாக்கள். மகளின் தாளைக் கண்டுபிடித்தாள். பார்த்ததும் அடிவயிற்றில் யாரோ கொள்ளி வைத்த மாதிரி இருந்தது. தலைமுடி விரிந்து கிடக்க, தோளில் மஞ்சளாக ஒரு துணி தொங்க, கண்ணாடி இல்லாத முகத்தில் காதிலிருந்து காது வரைக்கும் வாயைத் திறந்து அத்தனை பல்லும் தெரியச் சிரிக்கிற ஒரு பெண்பிள்ளை. அன்றைக்கு எமல்டா போட்டு வந்ததும் மஞ்சள் துப்பட்டாதான். படத்துக்குக் கீழே கோணல் கோணலாக 'அம்மா' என்று எழுதியிருந்தது.

அம்மாவாம், அம்மா! யாரடி அம்மா? காய்ச்சலில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவள் யாரடி? திங்கட்கிழமை ஊரே வந்து அண்ணாந்து பார்க்கும், கோகிலாமணி பெற்ற பிள்ளையின் தாளில் எமல்டா காய்த்துத் தொங்குவாள். அவள் கை மேசை மேலிருந்த பென்சில் சீவுகிற பிளேடைத் தானாக எடுத்தது. கிரேயானை அழிப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை அவளுக்கு, எத்தனை மயிலைச் சரிசெய்த கை! விரித்த முடியைச் சுரண்டி இறுக்கிக் கொண்டை போட்டாள். மஞ்சள் துணியை எடுத்துவிட்டு, ஸ்கேல் வைத்து மடிப்புக் கலையாத சேலை கட்டி, தோளில் பின் குத்தினாள். கண்ணாடி மாட்டினாள். அந்தப் பல்லை என்ன செய்வது? வெள்ளைக் கிரேயானால் அழுத்தித் தேய்த்து மறைத்து, அதன் மேல் ஒரு சின்ன நேர்கோடு போட்டாள். தள்ளி நின்று பார்த்தாள். அச்சு அசலாக அவளே. ஒரு டச்தானே, வேறென்ன செய்துவிட்டோம் என்று தாளை மறுபடி மாட்டிவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

திங்கட்கிழமை காலையில் கம்பி பூமியைத் தொடாத குறை. சுரைக்காய் பருமனுக்கு அம்மாக்கள் காய்த்திருந்தார்கள். ஊர்த் தாய்மார்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். ஒரு பிள்ளைக்கு அம்மா வெறும் இரண்டு கைகளாகக் காய்த்திருந்தாள், வளையலோடும் வெங்காய வாசனையோடும். ஒருத்தி காதோடு போன் ஒட்டியே பழுத்திருந்தாள். நிஜ அம்மா போனை இடுப்பில் சொருகி மறைத்தாள். திருப்பூர் கம்பெனி வேனில் விடிகாலையில் போகிறவளின் மகன் அம்மாவின் முதுகை மட்டும்தான் வரைந்திருந்தான், முதுகுதான் காய்த்திருந்தது, நுனி ஜடையோடு. அதை மடியில் வாங்கிப் பார்த்தவள் மறுநாள் வேனில் ஏறவில்லை. "ஏண்டா இத்தனை கருப்பாவா இருக்கறேன்?" என்று ஒருத்தி சண்டைக்குப் போனாள். அழுகையும் சிரிப்புமாகச் சந்தை மாதிரி இருந்தது வகுப்பு.

மிருதுளாவின் தாளிலும் காய்த்திருந்தது. கொண்டை, கண்ணாடி, பின் குத்திய சேலை, கோடு போட்ட வாய். எமல்டா அதைப் பறித்து மேசை மேல் நிறுத்தினாள். விறைப்பாக நின்றது. அது வகுப்பை ஒரு பார்வை பார்த்ததுதான் தாமதம், அத்தனை சத்தமும் அடங்கிப்போய், பிள்ளைகள் எல்லாம் மடியிலிருந்த அம்மாக்களைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று, கைகட்டி, "வ-ண-க்-கம் டீச்-சர்!" என்றார்கள். மிருதுளாவும் எழுந்து நின்றாள், அவளும்தான் சொன்னாள்.

வாசலில் நின்ற கோகிலாமணிக்கு வெற்றி வந்துவிட்ட மாதிரி ஒரு நிமிஷம் இருந்தது. பார், எல்லோரும் பாருங்கள், என் பிள்ளையின் தாளில் நான்தான் காய்த்திருக்கிறேன் என்று சொல்லத் தோன்றியது.

மிருதுளா மேசைக்குப் போனாள். அந்தப் பொம்மை மாதிரி நின்றதைச் சுற்றிவந்து பார்த்தாள். தாளைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"இது டீச்சர்," என்றாள். "நா எங்கம்மாவ வரைஞ்சேன். எங்கம்மா எங்கீங்க டீச்சர்?"

"இதுதானே உங்கம்மா?" என்றாள் எமல்டா, தாளை வாங்கி அதில் சுரண்டியிருந்த இடத்தைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு.

"இல்லீங்க. ஞாயித்துக்கெழம எனக்கு எண்ணெ தேச்சு உடுவாங்கல்ல, அந்த அம்மா. நைட்டி மேல மஞ்சத் துண்டு போட்டுக்கிட்டு, முடிய அவுத்து உட்டுட்டு, கண்ணாடி போட மாட்டாங்கொ. நா வழுக்கீட்டு ஓடுவேன், புடிக்க முடியாம அப்படிச் சிரிப்பாங்கொ, சிரிச்சுச் சிரிச்சு அங்கயே உக்காந்துக்குவாங்கொ." சொல்லும்போதே பிள்ளையின் உதடு பிதுங்கியது. "பல்லு அத்தனையும் எண்ணியெண்ணி வரைஞ்சேன். அந்த அம்மா காய்க்கவே இல்ல."

தான் அப்படியெல்லாம் சிரிப்பது கோகிலாமணிக்குத் தெரியாது. யார் கண்ணாடி பார்த்துக்கொண்டு சிரிக்கிறார்கள்? எமல்டாவின் மஞ்சள் துப்பட்டா என்று நினைத்துச் சுரண்டியது தன் துண்டு, தேய்த்து மறைத்தது தன் வாய். "கண்ணு..." என்று கூப்பிட்டாள். மிருதுளா நிமிர்ந்து பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் எப்படிக் கூப்பிட வேண்டுமோ அப்படியே, "என்னங்க டீச்சர்?" என்றாள்.

சாயங்காலத்துக்குள் மற்ற அம்மாக்கள் வாடித் தாளோடு தாளாய்ப் போனார்கள். ஸ்கேலில் போட்டது மட்டும் வாடவில்லை. சென்னியப்பன் சார் அதை அலமாரி மேல் வைத்தார், அதைப் பார்த்தால் பிள்ளைகள் சத்தம் போடுவதில்லை என்று அவருக்கு அதில் சந்தோஷம்தான்.

எல்லோரும் போன பிறகு எமல்டா தட்டிக்கு இந்தப் பக்கம் வந்தாள். திட்டப் போகிறாள் என்று கோகிலாமணி காத்திருந்தாள். அவள் பெஞ்சில் உட்கார்ந்து வளையலைத் திருகிக்கொண்டே, "மிரு அன்னைக்கு என்னைய அம்மான்னு கூப்பிட்டுச்சுல்லாக்கா, எனக்கு அன்னைக்கு முழுக்கச் சோறு எறங்கல," என்றாள். "எம் பிள்ள ஊர்ல எங்கம்மாட்ட வளருது. போன்ல பேசினா என்னைய ஆன்ட்டிங்குது. நீங்க பிள்ளைய கையப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போறதத் தெனமும் சன்னல் வழியா பாப்பேன். வயிறு எரியும்க்கா. பொய் சொல்லல."

கோகிலாமணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை மாசமாக இவள் மேல் எரிந்த நெருப்பு எங்கே என்று தேடினாள், அணைந்துதான் கிடந்தது. ஆனால் எரிச்சல் நின்றபாடில்லை. அது இப்போது வேறு ஒருத்தியின் மேல் திரும்பியிருந்தது. நைட்டி மேல் மஞ்சள் துண்டு போட்டவள். முடியை அவிழ்த்து விட்டவள். சிரித்துச் சிரித்து ஈரத் தரையில் உட்கார்ந்துவிடுகிறவள். தன் வீட்டிலேயே, தன் மகளோடேயே ஞாயிற்றுக்கிழமைதோறும் இப்படிக் கூத்தடித்திருக்கிறாளே ஒருத்தி, கொடுத்துவைத்தவள்!

அந்தச் சிரிக்கிறவள் போயே போய்விட்டாள். வீட்டில் ஒரு சாயங்காலம் மிருதுளா பவுடரை முகமெல்லாம் அப்பிக்கொண்டு வந்து நின்றாள். சிரிக்க வேண்டும் என்று கோகிலாமணிக்குத் தோன்றியது, வாய் தாளில் போட்ட அந்தச் சின்ன நேர்கோட்டுக்கு மேல் விரியவில்லை, "போயி மூஞ்சியக் கழுவு," என்றுதான் வந்தது. அவள் கணவர் சாம்பாரில் உப்புக்குப் பதில் சர்க்கரையைப் போட்டுவிட்டு முழித்தபோதும் அதே கோடுதான். கணவர் பல்வலியா என்று விசாரித்தார். பொன்னாத்தா கிராம்பு கொண்டுவந்து கொடுத்தாள். ஊரும் இரண்டு நாளில் பழகிக்கொண்டது. டீச்சருக்குச் சிரிப்பு உதிர்ந்துபோச்சாம் என்று பேசிவிட்டு வேலையைப் பார்த்தது. மூன்றாம் வகுப்பில் அந்த வெள்ளிக்கிழமை கோகிலாமணி யாருக்கும் கோடு போட்டுக் கொடுக்கவில்லை. பிள்ளைகள் வெறும் தாளை வைத்துக்கொண்டு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் மணி அடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோகிலாமணி எண்ணெயைக் காய்ச்சினாள், சீரகம் போட்டு, பூண்டு தட்டிப் போட்டு. நைட்டி மேல் மஞ்சள் துண்டைப் போட்டுக்கொண்டாள். கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைத்தாள். கொண்டையை அவிழ்த்து விட்டாள். பழைய கவுனோடு வந்து மணையில் உட்கார்ந்த மிருதுளாவின் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்தாள், கையிலும் காலிலும் வழவழவென்று தடவினாள். பிள்ளை ஓடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, நகம் பார்க்க நிற்கிற மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"ஓடு கண்ணு," என்றாள் கோகிலாமணி.

"எதுக்குங்க?"

"சும்மாதான். நா புடிக்கறேன்."

மிருதுளா எழுந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டடி பின்னால் வைத்து, பிறகு ஓடினாள். கோகிலாமணி துரத்தினாள். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, துணி துவைக்கிற கல்லைச் சுற்றி. கையை எட்டிப் பிடித்தாள், வழுக்கியது. மறுபடி பிடித்தாள், மறுபடி வழுக்கி, தானே கால் தடுமாறி ஈரத் தரையில் தொப்பென்று உட்கார்ந்தாள். மூச்சு இரைத்தது. வயிற்றுக்குள் எங்கேயோ என்னவோ புரண்டு தொண்டை வரைக்கும் வந்து, உதட்டில் இடித்துக்கொண்டு நின்றது.

பிள்ளை திரும்பி வந்தது. எண்ணெய் வழிகிற கையை முழங்காலில் ஊன்றிக் குனிந்து, அவள் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்து உற்றுப் பார்த்தது.

"பல்லுத் தெரியல," என்றது.

கோகிலாமணி வாயைக் கொஞ்சம் திறந்தாள். வலித்தது.

மிருதுளா இரண்டு ஆள்காட்டி விரலாலும் அவள் வாயோரங்களைத் தொட்டு, மெல்லக் காதுப் பக்கமாக இழுத்தாள்.

"இன்னும்," என்றாள். "இன்னும்."